வகுப்பு நாட்குறிப்பை இணையத்தில் நடத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து சில ஆண்டுகளாக ஒரு நாட்குறிப்பை இணையத்தில் நடத்தி வருகிறேன். பயிற்சிக் கூட்டங்களில் டீ குடிக்கும் நேரத்தில் மற்ற ஆசிரியர்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் பாதி, நானே தடுக்கி விழுந்து தெரிந்துகொண்டவை.

வகுப்பு நாட்குறிப்பு என்றால் என்ன? ஆண்டு மலர் மாதிரியா?

இல்லை. ஆண்டு மலரில் வாழ்த்துரை இருக்கும், குழுப்படம் இருக்கும், பொறுக்கியெடுத்த நான்கு கவிதைகள் இருக்கும். நாட்குறிப்பு என்பது அன்றன்று வகுப்பில் நடந்ததைப் பிள்ளைகளே எழுதி வைப்பது. என்ன படித்தோம், எது மண்டையில் ஏறவில்லை, யார் என்ன கேட்டார்கள், சோதனை எப்படிச் சொதப்பியது, மழையில் எந்த பெஞ்சு நனைந்தது, எல்லாமும்தான். ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிக்கு விளம்பரம் தேடும் பக்கமாக இதை மாற்றினால் இரண்டே மாதத்தில் செத்துவிடும்; விருந்தினர் வருகையும் பரிசளிப்பும் தவிர அதில் எழுத ஒன்றும் இருக்காது.

யோசனை புதிதும் அல்ல. நம் ஊர்ப் பள்ளிகளில் கையெழுத்துப் பத்திரிகை நடத்தியவர்கள் உண்டு. பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற கிராமத்து ஆசிரியர் 1920களில் ஒரு சின்ன அச்சு இயந்திரத்தை வகுப்பறைக்குள்ளேயே கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதைப் பிள்ளைகளே அச்சுக் கோத்தார்கள். அந்தத் தாள்கள் தபாலில் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போயின, அங்கிருந்து பதிலுக்குத் தாள்கள் வந்தன. நமக்கு அச்சு மையும் தபால்தலையும் மிச்சம்.

எதில் தொடங்கலாம்?

நான் பிளாகரில் நடத்துகிறேன். 1999இல் வந்த வலைப்பதிவுச் சேவை, 2003இல் கூகுள் வாங்கியது. பழைய வண்டிதான், ஆனால் ஓடுகிறது. காசு கிடையாது, தமிழில் பொத்தான்கள் வரும், கைப்பேசி உலாவியிலேயே பதிவேற்றலாம். முக்கியமாக, எழுதியதை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். வேர்ட்பிரஸிலும் இலவசமாகத் தொடங்கலாம். இலவசக் கணக்கில் விளம்பரம் வரும், பிள்ளைகள் பக்கத்தில் அது எனக்குப் பிடிக்கவில்லை. கூகுள் சைட்ஸ் பார்க்க அழகு, ஆனால் தேதி வாரியாகத் தானே அடுக்காது. ஒவ்வொரு நாளும் கையால் பக்கம் சேர்க்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு போதாதா என்று கேட்பார்கள். போதாது. ஜூலையில் எழுதியதை ஜனவரியில் தேடிப் பாருங்கள், தெரியும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

முதலில் தலைமையாசிரியர். வாய்மொழியாகச் ‘சரி, பண்ணுங்க’ என்பதோடு விடாதீர்கள். அரைப் பக்கக் கடிதம் எழுதி, கையெழுத்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தடவை திரையில் காட்டிவிட்டால் பிற்பாடு யாரும் ‘எங்களுக்குத் தெரியாதே’ என்று சொல்ல மாட்டார்கள்.

அப்புறம் பெற்றோர். 2023இல் வந்த எண்மத் (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாத எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களுடைய விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் கேட்டிருக்க வேண்டியதுதான். எங்கள் கடிதம் இப்படி இருக்கும்:

“எங்கள் வகுப்பின் நாட்குறிப்பு இணையத்தில் வெளிவருகிறது. அதில் உங்கள் பிள்ளை எழுதியது, வரைந்தது ஆகியவை இடம்பெறும். முழுப்பெயர், முகம் தெரியும் படம், முகவரி, தொலைபேசி எண் இடம்பெறாது. எப்போது வேண்டாம் என்றாலும் சொல்லுங்கள், எடுத்துவிடுகிறோம். சம்மதிக்காவிட்டால் மதிப்பெண்ணிலோ வகுப்பிலோ எந்த வேறுபாடும் இருக்காது. சம்மதம் / சம்மதமில்லை.”

கடைசி வரியில் இரண்டும் இருக்க வேண்டும். ‘சம்மதம்’ மட்டும் அச்சடித்துக் கையெழுத்துக் கேட்டால் அது கேட்டதாகாது. எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். எனக்கு ஓர் ஆண்டு இரண்டு வீடுகளில் வேண்டாம் என்றார்கள். அந்தப் பிள்ளைகளும் முறை வந்தால் எழுதுவார்கள், கரும்பலகை ஓரத்தில் ஒட்டுவோம், இணையத்தில் ஏற்ற மாட்டோம்.

கணக்கை யார் பெயரில் தொடங்குவது?

பள்ளியின் பெயரில் புதிதாக ஒரு மின்னஞ்சல் எடுத்து, அதில் தொடங்குங்கள். உங்கள் சொந்த மின்னஞ்சலில் வேண்டவே வேண்டாம்.

முதலில் நான் இருந்த பள்ளியில் இந்தத் தப்பைச் செய்தோம். கணக்கைத் தொடங்கிய ஆசிரியருக்கு இடமாறுதல் கலந்தாய்வில் வேறு மாவட்டம் கிடைத்தது. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போனார், நல்ல மனிதர். ஆனால் உள்ளே நுழைய ஓடிபி அவருடைய எண்ணுக்குப் போயிற்று. அவர் அந்த எண்ணை மாற்றியிருந்தார். இரண்டு ஆண்டுப் பதிவுகள் கண்ணுக்கு முன்னால் இருந்தன. ஒரு காற்புள்ளியைக்கூட எங்களால் தொட முடியவில்லை.

ஆகவே: நிர்வாகிகளாக இரண்டு ஆசிரியர்கள் இருக்கட்டும். கணக்கை மீட்பதற்கான எண்ணும் மின்னஞ்சலும் யாருடையவை என்று எழுதி, கடவுச்சொல்லோடு உறையில் போட்டு ஒட்டி, தலைமையாசிரியர் பீரோவில் வையுங்கள். கடவுச்சொல் மாறும்போது உறையும் மாற வேண்டும்.

பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு வேண்டுமா?

வேண்டாம். கூகுள் கணக்கைத் தானே நிர்வகிக்கக் குறைந்தது 13 வயது ஆக வேண்டும். ஏழாம் வகுப்பில் பாதிப் பேருக்கு 12தான். அவர்கள் நோட்டில் எழுதட்டும், வகுப்புக் கணினியில் அடிக்கட்டும். வெளியிடும் பொத்தானை அழுத்துவது ஆசிரியர்.

யார் எழுதுவது? தினமும் எல்லோருமா?

அன்றைக்கு ஒருவர். ‘இன்றைய குறிப்பாளர்’ என்று கரும்பலகையில் எழுதிவிடுவோம். 35 பேர் என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் ஏழு வாரத்தில் ஒரு சுற்று. கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள்கள். ஆக ஒருவருக்கு ஐந்தாறு முறை வரும். ஜூனில் எழுதியதையும் மார்ச்சில் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று தெரியும். எந்த மதிப்பெண் பட்டியலும் அதைச் சொல்லாது.

‘நன்றாக எழுதுபவர்களை மட்டும் எழுத வைக்கலாமே’ என்று ஒரு யோசனை கட்டாயம் வரும். அந்தப் பக்கம் போகாதீர்கள். எங்கள் வகுப்பின் மிகச் சிறந்த குறிப்புகளில் சிலவற்றை எழுதியது, வாசிக்கத் திணறும் ஒரு பையன். அவன் படம் வரைந்து, கீழே இரண்டு வரி எழுதுவான். அந்த இரண்டு வரியில் சத்துணவுக்கு வந்த முட்டைகளில் எத்தனை உடைந்திருந்தன என்பது வரை இருக்கும்.

‘இன்று பாடம் நடத்தினார்கள், நன்றாக இருந்தது’ என்று மட்டுமே எழுதுகிறார்களே?

எல்லா வகுப்பிலும் அப்படித்தான் தொடங்கும். பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள். பள்ளியில் எழுதுவதென்றால் ஆசிரியருக்குப் பிடித்த மாதிரி எழுதுவது என்று ஏழு ஆண்டுகளாக நாமே பழக்கி வைத்திருக்கிறோம்.

ஒரு நாள் அறிவியல் பாடவேளையில் மிதப்பதும் மூழ்குவதும் நடத்தினேன். அன்றைய குறிப்பாளர் எழுதிவந்தது: “இன்று அறிவியல் வகுப்பில் சோதனை செய்தோம். மிகவும் பயனுள்ளதாக இருந்தது.” அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். எதைப் போட்டோம்? போடுவதற்கு முன்னால் நீ என்ன நினைத்தாய்? என்ன ஆயிற்று? யாராவது ஏதாவது சொன்னார்களா? அப்புறம் பழம் என்ன ஆச்சு? அவள் சொல்லச் சொல்ல, ‘இதை எழுது, இதை எழுது’ என்றேன், அவ்வளவுதான். மறுபடி எழுதிவந்தது இது:

“டீச்சர் ஆரஞ்சுப் பழத்தை வாளித் தண்ணீரில் போட்டார்கள். மிதந்தது. தோலை உரித்தால் கனம் குறையும், இன்னும் நன்றாக மிதக்கும் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். உரித்துப் போட்டதும் அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. தோலில் காற்று இருக்கிறதாம். கடைசி பெஞ்சில் இருந்து ஒருவன், ‘அப்ப தோலை மட்டும் போடுங்க டீச்சர்’ என்றான். போட்டார்கள். மிதந்தது. பழத்தை எட்டுப் பேர் பிய்த்துத் தின்றோம். எனக்கு வந்த சுளையில் இரண்டு கொட்டை.”

ஒரு வார்த்தைகூட நான் போட்டதில்லை. ‘பயனுள்ளதாக’ என்ற சொல்லை எங்கள் வகுப்பில் அதற்குப் பிறகு தடை செய்துவிட்டோம். ‘சிறப்பாக’, ‘இனிதே’ இரண்டும் கூடவே போயின. அந்தப் பட்டியல் சுவரில் தொங்குகிறது, பிள்ளைகள் தாங்களாகவே இப்போது சேர்க்கிறார்கள்.

பிழையைத் திருத்தி வெளியிடலாமா, அப்படியே விடலாமா?

எழுத்துப்பிழையைத் திருத்துங்கள், பேச்சைத் திருத்தாதீர்கள். ல, ள, ழ குழப்பமும் ன, ண குழப்பமும் திருத்தப்பட வேண்டியவை. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்தால் அது ஒரு இலக்கண வகுப்பு. ஆனால் ‘அம்மாச்சி சொன்னாங்க’ என்று எழுதியதைப் ‘பாட்டி கூறினார்’ என்று மாற்றினால் அந்த வீடே மறைந்துபோகும். வட்டாரச் சொல் புரியாது என்று தோன்றினால் அடுத்த வரியில் விளக்கம் கேளுங்கள், பிள்ளையே எழுதிவிடும்.

தமிழில் தட்டச்சு செய்ய எப்படிச் சொல்லித் தருவது?

கணினி என்றால் தமிழ்99 விசைப்பலகை. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டையொட்டி வந்தது. உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்கள் வலப்பக்கம். புள்ளிக்கு ரொம்ப அலைய வேண்டாம்: அ, க, க, ஆ என்று தட்டினால் ‘அக்கா’ தானே வரும், நடுப்புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பிள்ளைகளுக்கு இது மந்திரம் மாதிரி இருக்கும். ஒரு பாடவேளை முழுக்க அக்கா, அப்பா, பட்டம் என்று அடித்துக் கூத்தடித்தார்கள். அந்த வாரமே கை பழகிவிட்டது. ஆங்கில எழுத்தில் ‘அம்மா’வைத் தட்டித் தமிழாக்கும் முறை பெரியவர்களுக்கு வசதி, பிள்ளைகளுக்கு அதைப் பழக்கினால் தமிழை ஆங்கிலம் வழியாக யோசிக்க வைக்கிறோம் என்பது என் கருத்து. ஒப்புக்கொள்ளாதவர்கள் நிறைய.

கைப்பேசி என்றால் ஜிபோர்டு, செல்லினம் என்ற விசைப்பலகைச் செயலிகள் இரண்டுமே நன்றாக வேலை செய்கின்றன. குரல்வழித் தட்டச்சும் உண்டு. வேகம்தான், ஆனால் முற்றுப்புள்ளி இல்லாத ஒரே நீள வாக்கியமாக வந்து நிற்கும். பேச்சுத்தமிழை வேறு எதையோ என்று எடுத்துக்கொள்ளும். எழுதிய பிறகு சத்தமாகப் படித்துத் திருத்துவதை வேலையின் ஒரு பகுதியாக்குங்கள்.

பழைய பாமினி எழுத்துரு கோப்புகளை ஒட்டினால் ஆங்கிலக் கிறுக்கலாக வருகிறதே?

பாமினி ஒருங்குறி (யூனிகோடு) அல்ல. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியில் இருக்கும் ஆங்கிலம் பல்லைக் காட்டும். சுரதாவின் பொங்குதமிழ் மாற்றியிலோ என்எச்எம் மாற்றியிலோ ஒட்டி ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். தமிழக அரசு 2010லேயே ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. பள்ளி அலுவலகக் கணினிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம்.

தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு முகவரி விநோதமாக வருகிறதே?

பிளாகர் முகவரியில் தமிழ் எழுத்துகளை எடுத்துக்கொள்ளாது. தலைப்பு முழுக்கத் தமிழில் இருந்தால் எல்லாப் பதிவுக்கும் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற ஒரே பெயரைக் கொடுத்து, பின்னால் எண்ணைச் சேர்த்துவிடும். வெளியிடுவதற்கு முன் நிரந்தர இணைப்பு என்ற இடத்தில் தேதியை நீங்களே கொடுத்துவிடுங்கள். வெளியிட்ட பின் மாற்றினால் பெற்றோருக்கு ஏற்கெனவே அனுப்பிய இணைப்பு வேலை செய்யாது.

படங்கள் போடலாமா?

கைகள், பொருள்கள், கரும்பலகை, ஓவியம், முதுகுப்பக்கம். முகம் வேண்டாம்.

போடும் முன் படத்தைப் பெரிதாக்கி மூலைமுடுக்கெல்லாம் பாருங்கள். நான் ஒரு தடவை களிமண் பொம்மைகளின் படத்தை ஏற்றினேன். பின்னால் சுவரில் மாணவர் பெயர்களும் பெற்றோர் கைப்பேசி எண்களும் எழுதிய வருகைப்பட்டியல் துல்லியமாகத் தெரிந்தது. ஒரு அப்பா போன் செய்துதான் எனக்கே தெரியும். பத்து நிமிடத்தில் எடுத்துவிட்டேன், ஆனால் அன்று முழுக்க வயிற்றைக் கலக்கியது. சான்றிதழ், அடையாள அட்டை, தேர்வுத்தாள் எதிலும் பிறந்த தேதியும் எண்ணும் இருக்கும். கைப்பேசிக் கேமராவில் இருப்பிடம் பதியும் வசதியையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படக்கோப்புக்குள்ளேயே எங்கே எடுத்தது என்பது ஒட்டிக்கொண்டு வரும்.

படத்துக்குக் கீழே ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். அதையும் பிள்ளைகளே எழுதலாம்; பார்க்காத ஒருவருக்குப் பார்த்ததைச் சொல்வது நல்ல பயிற்சி.

எழுதியவர் பெயர்?

முதலெழுத்து, இல்லாவிட்டால் புனைபெயர். எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு மரத்தின் பெயர் வைத்துக்கொண்டார்கள். புளியமரமும் ஒதியமரமும் சண்டை போட்டதாக ஒரு பதிவு உண்டு.

வெளியாட்கள் கருத்து எழுதலாமா?

திறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு கருத்தையும் நீங்கள் பார்த்த பிறகே வெளிவரும்படி அமைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தேடுபொறியில் வராமலும் செய்யலாம், குறிப்பிட்ட வாசகர்கள் மட்டும் பார்க்கும்படியும் பூட்டலாம். ஆனால் பூட்டினால் பெற்றோர் மின்னஞ்சல் வழியாக நுழைய வேண்டும். எங்கள் ஊரில் அது நடக்காது. தேடுபொறியை மட்டும் அடைத்துவிட்டு, இணைப்பை வகுப்புக் குழுவில் அனுப்புகிறோம். இணைப்பு கிடைத்த யாரும் படிக்கலாம் என்பதை மறக்காமல்தான் எதையும் ஏற்றுகிறோம்.

சினிமாப் பாட்டு வரிகள், கூகுளில் கிடைத்த படங்கள்?

கூடாது, அவற்றுக்கு உரிமையாளர் இருக்கிறார். பாரதியார் பாடல்கள் நாட்டுடைமை, தாராளமாகப் போடலாம். படம் வேண்டுமென்றால் விக்கிமீடியா பொதுவகத்தில் எடுத்து, எடுத்தவர் பெயரைக் கீழே போடுங்கள். இன்னொன்று பலர் யோசிப்பதில்லை: பிள்ளை எழுதிய பதிவுக்கு உரிமையாளர் பிள்ளைதான். அதை வேறு இதழுக்கு அனுப்புவதற்கு முன் கேளுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் எழுதி வாங்கி வந்தால்?

வந்தது. ‘அறிவியல் என்பது நம் வாழ்வின் ஓர் இன்றியமையாத அங்கம்’ என்று தொடங்கியது. ‘சரி, இதில் நம்ம வகுப்பு எங்கேடா இருக்கு?’ என்று கேட்டேன். தேடிப் பார்த்துவிட்டு அவனே சிரித்தான். அன்று வகுப்பில் இருந்தவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு விஷயமாவது குறிப்பில் இருக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி.

தினமும் எவ்வளவு நேரம் பிடிக்கும்?

குறிப்பாளர் கடைசிப் பாடவேளையில் கால் மணி நேரம் எழுதுவார். நெட் இருக்கும் நாளில் அன்றே ஏற்றுவோம். இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை ஐந்தையும் சேர்த்து. தேர்வு வாரத்தில் விட்டுவிடுவோம். விட்டுப்போன நாளை நிரப்பக் கதை கட்டாதீர்கள். ‘இன்று குறிப்பில்லை, மின்சாரமில்லை’ என்பதும் பதிவுதான்.

யாருமே படிப்பதில்லை போலிருக்கிறதே?

பார்வை எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், அதில் பாதி ஆள்கள் அல்ல, தானியங்கி நிரல்கள். வகுப்பில் படியுங்கள்: திங்கள் காலை, போன வாரக் குறிப்புகளைச் சத்தமாக. இன்னொரு பள்ளியின் ஒரு வகுப்போடு பேசி வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. அவர்கள் கேள்வி கேட்டால் இவர்கள் பதில் எழுதியே ஆக வேண்டும். கடலோரப் பள்ளி ஒன்று எங்களிடம் ‘உங்க ஊர்ல ஆத்துல தண்ணி எப்ப வரும்?’ என்று கேட்டதற்குப் பதில் தேடி, பிள்ளைகள் நான்கு தாத்தாக்களைப் பேட்டி எடுத்தார்கள். நான்கு பேரும் நான்கு மாதிரி சொன்னார்கள். அதையும் அப்படியே போட்டோம்.

ஆண்டு முடிந்ததும்?

காப்பு எடுங்கள். ஜியோசிட்டீஸ் என்ற இலவச இணையப்பக்கச் சேவை 2009இல் மூடப்பட்டபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. கூகுள் கணக்கையும் இரண்டு ஆண்டுகள் யாரும் தொடாமல் விட்டால் நீக்கிவிடலாம் என்பது அவர்களுடைய விதி. இறக்கிய கோப்பைப் பள்ளிக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள்.

முடிந்தால் அச்சும் எடுங்கள். ஏ4 தாளில் இரு பக்கமும் நகலெடுத்து, ஓரத்தில் நூல் கோத்து, ஒரு படி வகுப்பு அலமாரியில் வைக்கிறோம். அதில்தான் எனக்கு ஒரு சிக்கல். இந்த ஆண்டு வாளியையும் ஆரஞ்சையும் எடுத்துவந்து மேசையில் வைத்தேன். யாரும் ஊகிக்கவே இல்லை. ‘உரிச்சா முங்கும் டீச்சர், அக்கா எழுதியிருக்காங்க’ என்றது முதல் பெஞ்சு. எலுமிச்சையைப் போட்டுப் பார்க்கலாம் என்று பின்னால் இருந்து குரல் வந்தது. கொய்யாவையும் கொண்டு வருகிறேன் என்று ஒருத்தி வீட்டுக்கு ஓடினாள்.